இருபது என்று எழுதாதே

காய்ச்சலும் நாடியும் மூச்சும் எழுதும் டி.பி.ஆர். சார்ட்டைக் கையில் எடுத்தால் அந்த நர்சிங் ஆசிரியையின் கண் முதலில் போவது காய்ச்சல் கோட்டுக்கு அல்ல, மூச்சு எண்ணிக்கைக்கு. வார்டில் முப்பது பேர் படுத்திருப்பார்கள். முப்பது சார்ட்டிலும் மூச்சு 20 என்று இருக்கும். ஆஸ்துமாக்காரர், எண்பது வயதுப் பாட்டி, நேற்று வயிற்றில் ஆபரேஷன் முடிந்தவர், எல்லோருக்கும் அதே 20. “முப்பது பேரும் பேசிவச்சிக்கிட்டா மூச்சு விடுதாவ?” என்று மாணவிகளைக் கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நாடி பிடித்திருப்பார்கள், தெர்மாமீட்டர் வைத்திருப்பார்கள், மூச்சை மட்டும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு முழு நிமிடம் கட்டில் பக்கத்தில் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ண வேண்டும். நெருக்கடியான வார்டில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். இது ஒரு ஊரின் குறையும் அல்ல, ஒரு நாட்டின் குறையும் அல்ல. ஆஸ்பத்திரிகளில் மிக அசட்டையாகப் பதிவாகும் அளவு மூச்சுதான் என்று மருத்துவ இதழ்கள் பல காலமாக எழுதிவருகின்றன.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நர்சிங் மாணவிகளிடம் பேச வரும்போதும் அவர் தொடங்குவது இந்த இருபதிலிருந்துதான்.

அவர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். வி.கே.புரம் என்றால்தான் ஊராருக்குச் சொல்ல வரும். பாபநாசத்தில் மலையிலிருந்து விழும் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி, 1880களில் ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கியதால் ஷிஃப்ட் கணக்கில் வாழப் பழகிய ஊர். மில் வேலைக்காரர் வீட்டுப் பெண்ணான அவருக்கு நைட் டூட்டி புதிதாகத் தோன்றவே இல்லை. அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகப் பல ஆண்டுகள் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகு தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் வகுப்பெடுக்கிறார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கத்துப் பிள்ளைகள் அவரிடம் படிக்கிறார்கள். பாதிப் பேரின் அம்மாமார் பீடி சுற்றி ஃபீஸ் கட்டுகிறவர்கள். வகுப்பில் சில பையன்களும் உண்டு.

எந்திரம் வார்டுக்குள் வருவது அவருக்குப் புதிதல்ல. கண்ணாடி சிரிஞ்சைத் தண்ணீரில் கொதிக்கவைத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிரிஞ்ச் வந்தது. சொட்டு எண்ணி ட்ரிப் போட்ட இடத்தில் இன்ஃபியூஷன் பம்ப் வந்தது. தலைமாட்டில் மானிட்டர் வந்து உட்கார்ந்தது. மானிட்டர் வந்த புதிதில் திரையில் நேர்கோடு தெரிந்தால் இளம் நர்சுகள் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். மூத்த சிஸ்டர் ஓட மாட்டார், கட்டிலுக்குப் போவார். பெரும்பாலும் நெஞ்சில் ஒட்டிய லீடு கழன்றிருக்கும். நோயாளி இட்லி கேட்டுக்கொண்டிருப்பார். “கோட்டைப் பாக்காதே, ஆளைத் தொட்டுப் பாரு” என்பது அந்தத் தலைமுறை வார்டில் கற்ற முதல் பாடம்.

இப்போது எந்திரம் மாணவிகளின் பையிலேயே இருக்கிறது. கிளினிக்கல் போஸ்டிங்கில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை எடுத்து கேர் பிளான் எழுதித் தர வேண்டும். முன்பெல்லாம் அதைச் சீனியர் நோட்டிலிருந்து காப்பியடிப்பார்கள். எழுத்துப்பிழைகூட வழிவழியாக வரும். இன்று போனில் சாட்ஜிபிடியிடம் நோயின் பெயரைச் சொன்னால் பிழையில்லாத ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றைத் திருத்த உட்கார்ந்தபோது, சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்ட ஒரு பெரியவரைத் தினமும் இருபது நிமிடம் வராண்டாவில் நடக்கச் சொல்லி ஆலோசனை எழுதியிருந்ததைப் பார்த்தார். எழுதிய பெண்ணை அவர் திட்டவில்லை. வார்டுக்குக் கூட்டிப் போய், அந்தப் பெரியவர் முன்னால் நிறுத்தி, தன் கேர் பிளானைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியிலேயே அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். பெரியவர்தான், “பரவாயில்ல தாயி, மேக்கொண்டு படி, என்னதான் சொல்லுதுன்னு பாப்போம்” என்றார்.

மாணவிகளின் மனநிலையை அளக்க உலகெங்கும் கேள்வித்தாள்கள் உண்டு. மருத்துவ மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக்கு எவ்வளவு தயார் என்று பார்க்கத் துருக்கி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை இப்போது பல நாடுகளில் நர்சிங் மாணவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அறிவு, திறன், தொலைநோக்கு, அறம் என்று நான்கு பிரிவாக அது மதிப்பெண் போடும். அவர் வகுப்பில் அந்தத் தாள் சுற்றி வந்ததில்லை. ஆனால் பிள்ளைகள் எந்தெந்தக் கட்சி என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்சிக்கு ஏ.ஐ. எல்லாம் தெரிந்த சீனியர். கேட்டால் கோபிக்காமல் சொல்லும். இன்னொரு கட்சிக்கு அது வேலையைப் பறிக்க வரும் ஆள். மூன்றாவது கட்சி பேசவே பேசாது. பரீட்சைக்கு வருமா வராதா என்பது மட்டுமே அவர்கள் கேள்வி.

பரீட்சைக்கு வரும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது, நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற தாளை முதலாண்டிலேயே வைத்துவிட்டது. மின்னணுப் பதிவேடு, தரவுப் பாதுகாப்பு, நோயாளி பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் ரத்த அழுத்தம் பார்க்கவே கை பழகாத வயதில் அந்தப் பாடம் வந்து போய்விடுகிறது. ஐ.சி.யூ. போஸ்டிங்கில் நிற்கும்போது அது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் அவர் அதை வார்டு வேலையோடு சேர்த்தே நடத்துகிறார்.

அவருக்குக் கைகொடுக்கும் முதல் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காசநோய் இறப்புகளைக் குறைக்க 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதன் மூளை. காசநோய் என்று உறுதியானதும் நோயாளியிடம் சில எளிய விஷயங்களைப் பார்த்துவிடுகிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரே வேண்டாம், லேப் வேண்டாம். எடை மிஷின், ஆக்சிமீட்டர், ஒரு வாட்ச் போதும். இதை ‘டி.பி. சேவா’ என்ற இணையச் செயலியில் பதிந்தால் நோய் கடுமையா இல்லையா என்று சொல்லும். கடுமை என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 2025இல் அதில் இன்னொரு வசதியும் சேர்ந்தது. ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் பழைய தரவுகளிலிருந்து உருவாக்கிய கணிப்பு மாதிரி, எதிரே நிற்கும் இந்த ஆள் இறக்கும் சாத்தியம் எத்தனை சதவீதம் என்றே காட்டுகிறது. கடுமையானவர்களுக்கு அது 10 முதல் 50 வரை இருக்கும். மற்றவர்களுக்கு 1 முதல் 4.

இதைச் சொல்லிவிட்டு அவர் கரும்பலகைக்குப் போவார். மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால் கடுமை என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. “உங்க முன்னால உக்காந்திருக்கவரு 28 விடுதாரு. நீ எண்ணாம 20ன்னு போட்டுட்டே. செயலி என்ன சொல்லும்?” வகுப்பு கணக்குப் போடும். மற்ற அளவுகள் சுமாராக இருந்தால், மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும். செயலி மேல் பிழை இல்லை. 56,000 பேரின் அனுபவத்தைப் படித்த கணிப்பு, ஒரு பெண் எண்ணாமல் விட்ட ஒரு நிமிடத்தில் கவிழ்ந்துவிடும். அன்றைக்கு வார்டுக்குப் போகும்போது பிள்ளைகள் கையில் வாட்ச் இருக்கும். மறுவாரம் சார்ட்டில் 17, 22, 26 என்று எண்கள் வரும். கொஞ்ச நாளில் இருபதுகள் மெல்லத் தலைகாட்டும். மறுபடியும் பாடம் எடுப்பார்.

பிள்ளைகளை இன்னும் அசரவைக்கும் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஆஸ்பத்திரிகளில் பெரிதும் புழங்கும் எபிக் என்ற மென்பொருளில், ரத்தத்தில் நச்சுத்தொற்று ஏறப்போவதை முன்கூட்டிச் சொல்லும் செப்சிஸ் கணிப்பு ஒன்று இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அதைச் சோதித்து வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. மணி அடித்தது அதிகம், பிடித்தது குறைவு. ராத்திரி முழுக்க அடிக்கும் மணிக்கு நர்சின் காது என்ன ஆகும் என்பது வார்டில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு வேறு வழியில் போனது. ‘கன்சர்ன்’ என்று பெயர் வைத்த அவர்களின் ஏற்பாடு, நாடியும் ரத்த அழுத்தமும் எவ்வளவு என்பதைவிட, நர்ஸ் எத்தனை தடவை பார்த்தார், எப்போது பார்த்தார், கூடுதலாக என்ன எழுதினார் என்பதைப் படிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் சொல்லாமல் ஒரு நர்ஸ் எழுந்து போய் ஏழாம் கட்டிலில் பி.பி. பார்க்கிறார் என்றால், அவருக்கு எதுவோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் எழுந்து போனதே ஒரு தகவல். 74 வார்டுகளில், 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. அந்த ஏற்பாடு இருந்த வார்டுகளில் இறப்பு அபாயம் 35.6 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கிய காலமும் சராசரியாக அரைநாளுக்கு மேல் குறைந்தது.

இதைக் கேட்ட வகுப்பில் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். “மேடம், நம்ம வார்டுல எல்லாரும் ஷிஃப்ட் முடியும்போதுல்லா மொத்தமா உக்காந்து எழுதுதாவ. அப்பம் அந்த மிஷின் இங்க வந்தா என்னத்தப் படிக்கும்?” அவர் அந்தக் கேள்வியை இன்றும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறார். அதிகாலை ஐந்தரைக்கு, ஹேண்ட் ஓவருக்கு முன், ராத்திரி பத்து மணி அளவையும் இரண்டு மணி அளவையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதித் தள்ளும் பழக்கம் தாளோடு போகிறவரை யாரையும் உறுத்தவில்லை. எந்திரம் அதைப் படிக்கத் தொடங்கினால், கவலைப்பட்ட நர்சும் கவலைப்படாத நர்சும் ஒன்றாகிவிடுவார்கள்.

கண் மருத்துவத்தில் நடந்தது இன்னொரு பாடம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்தே சொல்லும் மென்பொருளை 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘ஜாமா’ இதழில் வெளியிட்டபோது, அது படித்துப் பழகிய 1,28,175 படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இருந்தன. அந்த மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குக் கொண்டு போனார்கள். படம் எடுத்தவர்கள் அங்கும் நர்சுகள்தான். முன்பு அவர்கள் படத்தை அனுப்பிவிட்டுக் கண் டாக்டரின் பதிலுக்குப் பத்து வாரம் வரைகூடக் காத்திருப்பார்கள். மென்பொருளிடம் பத்து நிமிடத்தில் பதில் என்றார்கள். முதல் ஆறு மாதங்களில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது வாங்க மறுத்துவிட்டது. படம் தெளிவில்லையாம். லேபில் பழகிய எந்திரத்துக்கு, இருட்டறை வசதி இல்லாத கிளினிக் வெளிச்சம் ஒத்துவரவில்லை. நெட் இழுத்தது. திருப்பி அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் நோயாளி வேலையை விட்டுவிட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அதை அவர்களிடம் சொல்ல வேண்டியவரும் நர்ஸ்தான்.

தாய்லாந்து தூரம் என்று வி.கே.புரத்தில் யாரும் சொல்ல முடியாது. பாபநாசம் மலையேறினால் சேர்வலாறு, மயிலாறு காணிப் பழங்குடியினர் குடியிருப்புகள். இஞ்சிக்குழிக்குக் காரையாறு அணையைத் தாண்டிக் காட்டுவழி நடக்க வேண்டும். கர்ப்பிணிகளின் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டிய கிராம சுகாதார நர்ஸ், மேலே நோட்டில் எழுதிக்கொண்டு, டவர் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்து ஏற்றுவது மலைப்பகுதி வேலையில் சாதாரணம். போனில் பதில் சொல்லும் ஏ.ஐ. அங்கே வாயைத் திறக்காது. அதனால் மலைக்குப் போகப் போகும் மாணவிக்கு, வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே என்று பார்க்கும் கைவேலை ஒரு மாற்றும் குறையக் கூடாது என்பது அவர் கட்சி.

விரலில் மாட்டும் சின்ன ஆக்சிமீட்டரையும் அவர் விடுவதில்லை. கொரோனா காலத்தில் அது வீடுவீடாகப் போனது. 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, ஆக்சிஜன் உண்மையில் இறங்கியிருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. தோலின் நிறம் ஒளியைத் தடுமாற வைக்கிறது. தன் கறுத்த கையை நீட்டிக் காட்டித்தான் இந்தப் பாடத்தை நடத்துவார். கருவி 96 காட்டினாலும் ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால் எதை நம்ப வேண்டும் என்று கேட்பார். இந்த எண்ணும் டி.பி. சேவா போன்ற செயலிக்குள் போகிற எண்தான். கருவியின் பிழை அங்கேயும் கூடவே போகும்.

ரகசியம் காப்பது பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கறாராகும். புண்ணைப் படம் எடுத்து, கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து, போனிலுள்ள சாட்பாட்டிடம் விளக்கம் கேட்பது பிள்ளைகளுக்குச் சகஜமாகிவிட்டது. 2023இல் இயற்றிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டு ஐ.சி.எம்.ஆர். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளையும் வெளியிட்டது. ஆனால் சட்டத்தைவிட ஊர் உதாரணம் சீக்கிரம் உறைக்கும். இந்தச் சின்ன ஊரில் தெருவும் வயதும் நோயும் சொன்னால் போதும், பெயர் தேவையில்லை. ஆள் யாரென்று சாயந்தரத்துக்குள் தெரிந்துவிடும். கல்யாணம் பேசும் வீட்டில் ஒரு டி.பி. சேதி போதும். “ஒன் போனு ஒன்னோடது. அந்தப் புண்ணு ஒன்னோடதில்ல” என்பார்.

வேலை போய்விடும் என்ற பயம் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. நூற்பாலைத் தொழிலில் எந்திரம் புதுசாக ஆக, கை குறைந்ததைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டவர்கள். அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில், கைசர் பெர்மனென்டே ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் பதாகை பிடித்து நின்றதை அவர் எடுத்துச் சொல்வார். அவர்கள் எந்திரமே வேண்டாம் என்று நிற்கவில்லை. சோதித்துப் பார்க்காத எந்திரத்தை எங்கள் இடத்தில் வைத்து நோயாளி பாதுகாப்பைக் குறைக்காதே என்றார்கள். சங்கம், கோரிக்கை, பேச்சுவார்த்தை எல்லாம் கேட்டு வளர்ந்த மில்காரப் பேத்திகளுக்கு அது சட்டென்று புரிகிறது.

ஆனாலும் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நர்ஸ் பதிவு பெறுவது 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கவுன்சிலில். அந்தப் பதிவு எண் ஆளுக்குத்தான், மென்பொருளுக்கு இல்லை. கணிப்பு 2 சதவீதம் என்று சொன்ன நோயாளி மறுநாள் இறந்துபோனால், கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

அதனால் கடைசி ஆண்டு மாணவிகளுக்கு அவர் ஒரு வேலை தருகிறார். நாளை வேலைக்குச் சேரும் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஏ.ஐ. கருவி வந்து இறங்கினால், நிர்வாகத்திடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கூடிப் பேசி எழுத வேண்டும். இது எந்த ஊர் நோயாளிகளை வைத்துப் பழகியது? கரண்டும் நெட்டும் போனால் என்ன செய்வது? அது சொல்வது தப்பு என்று எனக்குப் பட்டால் அதை எங்கே எழுதுவது, யார் படிப்பார்கள்? நோயாளியின் விவரம் எங்கே போய்ச் சேர்கிறது? பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள்.

கடையம் பக்கத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் அதிகம் பேசாதவள், கீழே இன்னொன்று சேர்த்திருந்தாள். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் பயிற்சி மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர். “நைட் டூட்டியில முப்பது பேருக்கு நான் ஒருத்தி. மிஷின் ஒரே நேரத்துல நாலு கட்டிலுக்கு அலாரம் அடிச்சா மத்த மூணுக்கு யாரை அனுப்புவீங்க?” ஆசிரியை அந்தத் தாளை வாங்கி, கேள்வியை அடியிலிருந்து எடுத்து முதல் எண்ணில் போட்டார். மற்றவற்றை வரிசையாக மறு எண் இடச் சொல்லி, ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.